ஆரம்பப் பிரிவில் கூடைப்பந்து: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் மாவட்டங்களில் பல பாடசாலைகளில் தரம் 5 வரை தனியாக உடற்கல்வி ஆசிரியர் இல்லை. தமிழும் கணிதமும் படிப்பிக்கிற வகுப்பாசிரியரேதான் விசிலையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு இறங்க வேண்டும். அவர்களுக்காகவே இந்தக் கேள்வி பதில். வாசலில் பிள்ளையை ஏற்ற வந்து நிற்கும் பெற்றோர் கேட்கும் சில கேள்விகளையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன்.

எந்தத் தரத்தில் கூடைப்பந்தைத் தொடங்கலாம்?

தரம் 3இல். தரம் 1, 2 பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து என்ற பெயரே வேண்டாம். பந்தை உருட்டட்டும், உருண்டு வருவதை மறிக்கட்டும், இரண்டு கையாலும் நிலத்தில் குத்தவிட்டுப் பிடிக்கட்டும். பந்து முகத்துக்கு வந்தால் கண்ணை மூடாமல் இருக்கப் பழகினாலே அந்த இரண்டு வருடமும் வீண் போகவில்லை.

எங்கள் மைதானம் முழுக்க மணல். பந்தைக் குத்தினால் அப்படியே படுத்துவிடுகிறது. என்ன செய்வது?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் கடலோரத்தை அண்டிய எந்தப் பாடசாலைக்குப் போனாலும் இதே கேள்விதான். "சேர், பந்து எழும்புதில்ல, எப்படிப் பாஸ்கட்போல் பழக்கிற?" என்று கேட்டுவிட்டுப் பந்துகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

ஒரு விசயம் பாருங்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது எழுதிய 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதற்கு இடமே இருக்கவில்லை. பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். இந்தத் தட்டிக்கொண்டு ஓடுதல், அதாவது டிரிபிள், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே மணல் மைதானத்தில் டிரிபிள் இல்லாமல் நீங்கள் ஆடவிடுவது குறைந்த ஆட்டம் அல்ல, கூடைப்பந்தின் முதல் வடிவமே அதுதான்.

மணலில் பழக்கக்கூடியவை நிறைய. பந்தைப் பிடித்து நிற்பது, ஒரு காலை ஊன்றித் திரும்புவது, பரிமாறுவது, பரிமாறிவிட்டு வெற்றிடம் பார்த்து ஓடுவது, வளையத்துக்கு எய்வது, மறிப்பது. "பத்து பாஸ்" ஆட்டத்தை ஆடவிடுங்கள்: ஐந்து பேர் கொண்ட அணி பந்தை எதிரணி தொடாமல் தங்களுக்குள் பத்துத் தடவை பரிமாறினால் ஒரு புள்ளி. ஒருதரம்கூடப் பந்து நிலத்தில் குத்த வேண்டியதில்லை. மணலில் ஓடுவதால் கால் உரம் பெறுவது கூடுதல் லாபம். விழுந்தாலும் முழங்கால் தேயாது.

டிரிபிளுக்கு மட்டும் ஒரு கடினமான இடம் தேடுங்கள். வகுப்பறை வராந்தா, ஒன்றுகூடல் மண்டபம், வலைப்பந்துத் தளம், தண்ணீர்த் தாங்கியைச் சுற்றிய சீமெந்து, எதுவானாலும் சரி. ஒரு பிள்ளைக்கு இரண்டு அடிக்கு இரண்டு அடி போதும், ஏனென்றால் தொடக்கத்தில் நின்ற இடத்தில்தான் தட்டப் போகிறார்கள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலைகளுக்கு வேறு பிரச்சினை. கோடையில் களித்தரை இறுகிக் கல்லாகிவிடும், பந்து நன்றாக எழும்பும், மாரியில் சேறு. அவர்கள் டிரிபிளைக் கோடையில் முடித்துவிட வேண்டும்.

நாற்பது பிள்ளைகள், நான்கு பந்து. எப்படிச் சமாளிப்பது?

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன்: வரிசை. பத்துப் பேர் கொண்ட நான்கு வரிசை கட்டி, முன்னால் நிற்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து அடுத்தவரிடம் கொடுப்பது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், அதிபர் கடந்துபோனால் தலையாட்டுவார். ஆனால் கணக்குப் பாருங்கள். 30 நிமிடப் பாடவேளையில் ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது 3 நிமிடம். மிச்சம் 27 நிமிடமும் அது வரிசையில் நின்று முன்னால் நிற்பவனின் கொலரைப் பிடித்து இழுக்கும். பிறகு "இந்த வகுப்பு சரியான குழப்படி" என்று நாமே சொல்வோம்.

வகுப்பை நான்காகப் பிரித்து நான்கு இடத்தில் விடுங்கள். ஓரிடத்தில் இரண்டு பந்து, ஒரு பந்துக்கு ஐந்து பேராக வட்டமாக நின்று பரிமாறுவார்கள். இன்னோரிடத்தில் மற்ற இரண்டு பந்தும் வளையத்துக்கு எய்ய. மூன்றாவது இடத்தில் பந்தே வேண்டாம், ஓடி நிற்பதும் திரும்புவதும். நான்காவதில் கிளித்தட்டு, கோடுகளில் நிற்பவர் மறிக்க மற்றவர் தொடுபடாமல் கடக்கும் நம் ஊர் ஆட்டம். ஏன் கிளித்தட்டு என்பதைக் கீழே சொல்கிறேன். ஆறு ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து இடம் மாற்றுங்கள்.

பந்து என்றால் கூடைப்பந்துதான் என்றும் இல்லை. பரிமாறப் பழக கரப்பந்து போதும். எழும்பித் திரும்பக் கைக்கு வருகிற எந்த றப்பர் பந்தும் டிரிபிளுக்கு உதவும். பாடசாலைக் களஞ்சியத்தில் தோல் உரிந்து கிடக்கும் பழைய உதைபந்துக்குக் காற்றடித்துப் பாருங்கள். பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளையிடம் கேளுங்கள், "இண்டைக்கு எத்தின தரம் பந்து கையில வந்தது?" அந்த விடைதான் உங்கள் பாடத்துக்கான புள்ளி.

எங்களிடம் வலைப்பந்துகள்தான் உண்டு. பாவிக்கலாமா?

தாராளமாக. சிறுவர் கூடைப்பந்துக்குப் பரிந்துரைக்கப்படுவது 5ஆம் இலக்கப் பந்து. சுற்றளவு 69 முதல் 71 சென்ரிமீற்றர். வளர்ந்தோரின் வலைப்பந்தின் சுற்றளவும் அதேதான். பாரம் மட்டும் கொஞ்சம் குறைவு, அது சின்னக் கைக்கு நல்லது. ஆண்கள் ஆடும் 7ஆம் இலக்கப் பந்தைத் தரம் 4 பிள்ளையின் கையில் கொடுப்பதைவிட வலைப்பந்து நூறு மடங்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. வலைப்பந்து ஆடி வளர்ந்த டீச்சர்மார் நம் பகுதியில் நிறையப் பேர். பரிமாற்றம், இடம் பிடித்தல் இரண்டிலும் அவர்கள் கெட்டிக்காரர். ஆனால் வலைப்பந்தில் பந்தோடு நகர முடியாது. பிடித்த மூன்று செக்கனுக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பார்க்கிற பிள்ளையை "நில்லு, நில்லு" என்று மறித்துவிடுவார்கள். கூடைப்பந்துப் பாடத்தில் அது ஓடட்டும்.

வளையம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

பெரியவர்களுக்கு 3.05 மீற்றர், அதாவது 10 அடி. நெய்ஸ்மித் பீச் பழக் கூடையை அறைந்த மேல்மாடக் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது, உலகம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. 12 வயதுக்குட்பட்டோரின் சிறுவர் கூடைப்பந்தில் வளையம் 2.60 மீற்றருக்கு இறங்கிவிடும். தரம் 3 பிள்ளைக்கு அதுவும் அதிகம் என்பது என் கருத்து. 2 மீற்றரில் கட்டுங்கள்.

உயரத்தில் பிடிவாதம் பிடித்தால் என்ன நடக்கும் என்றால், பிள்ளை பந்தை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், முதுகை வளைத்து, கண்ணை மூடி வீசும். பத்தில் ஒன்று தற்செயலாக விழும். கைதட்டுவோம். அந்த வீச்சே பழகிவிடும். பிறகு தரம் 8இல் ஒரு பயிற்றுநர் அதை அழித்து எழுத வேண்டிவரும்.

வளையம் வாங்கக் காசில்லை.

சைக்கிள் ரயர். பெரியவர் ஓட்டும் சைக்கிளின் ரயர், உண்மையான வளையத்தின் 45 சென்ரிமீற்றரைவிட அகலம். தொடக்கக்காரருக்கு அந்த அகலம் வேண்டும், பந்து விழ வேண்டும் அல்லவா. ரயர் மடியாமல் இருக்க உள்ளே கம்பி வளைத்துக் கட்டி, சுவரோரம் மரச்சட்டத்தில் பொருத்துங்கள். கல்லடியோ வாழைச்சேனையோ, தேய்ந்துபோன வலைத்துண்டு கேட்டால் தராத மீனவர் இல்லை. அதைத் தொங்கவிட்டால் பந்து விழும் சத்தமும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் மிக முக்கியம்.

நகர்த்தக்கூடிய தூண் என்றால் அடித்தளம் பாரமாக இருக்கட்டும். தூணில் ஏறித் தொங்க ஒருவன் எப்போதும் இருப்பான். அவன் ஏறினாலும் சாயாத தூண் வேண்டும், சாயுமென்றால் அந்தத் தூண் வேண்டாம்.

எந்தத் திறனை முதலில் பழக்குவது?

நிற்பதை.

எல்லோரும் டிரிபிளில் தொடங்குவார்கள், பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். ஆனால் ஓடிவந்து பந்தைப் பிடித்து விழாமல், நான்கு எட்டு வைக்காமல் நிற்கத் தெரியாவிட்டால் பரிமாற்றமும் வராது, எய்தலும் வராது. பந்தில்லாமல் தொடங்குங்கள். ஓடட்டும், விசில் அடித்ததும் சின்னதாகத் துள்ளி இரண்டு காலும் ஒரே நேரத்தில் நிலத்தில் பட நிற்கட்டும். முழங்கால் மடிந்திருக்க வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தோள் அகலத்தில். நின்ற பிள்ளையின் தோளில் விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள்; ஆடினால் முழங்கால் மடியவில்லை.

அடுத்தது ஊன்றிய கால். இரண்டு காலும் ஒன்றாகப் பட்டு நின்றால் எந்தக் காலையும் ஊன்றுகாலாக வைக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டால் முதலில் பட்ட கால்தான் ஊன்றுகால். அந்தக் காலை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு மற்றக் காலால் முன்னும் பின்னும் திரும்பட்டும். சோக்கால் நிலத்தில் ஒரு புள்ளி போட்டு, ஊன்றுகாலின் முன்பாதம் அதைவிட்டு விலகாமல் ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னால் தாங்களே போட்டியாக்கிக் கொள்வார்கள். மணலில் இன்னும் சுகம், கால் இழுபட்ட தடம் தெரியும். "நான் அசக்கவே இல்ல சேர்" என்று யாரும் வாதாட முடியாது.

டிரிபிளில் பிள்ளைகள் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எப்படித் தலையை நிமிர்த்துவது?

தொடக்கத்தில் பார்க்கட்டும், குற்றமில்லை. முதலில் கையைச் சரிசெய்யுங்கள். உள்ளங்கையால் அறைவதுதான் பொதுவான பிழை, சத்தத்திலேயே தெரியும். விரல்களை விரித்து, விரல் நுனிச் சதையால் பந்தைக் கீழே தள்ள வேண்டும், மணிக்கட்டு சேர்ந்து இறங்க வேண்டும். பந்து இடுப்புக்கு மேலே எழ விடக்கூடாது. பந்து காலுக்கு நேர் முன்னால் அல்ல, பக்கத்தில்.

அது வந்ததும் எதிரே நின்று விரல்களைக் காட்டுங்கள். "எத்தின?" என்று கேட்க, தட்டிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். கூட்டல் கழித்தலும் கேட்கலாம். இடது கையில் மூன்று, வலது கையில் நான்கு, மொத்தம் என்ன? கணித டீச்சருக்கும் சந்தோசம்.

முதல் வாரத்திலிருந்தே பழகாத கையாலும் தட்டவிடுங்கள். இடது கையாலும் பழகுவது தரம் 4இல் விளையாட்டு. பதினைந்து வயதில் அது தண்டனை.

பரிமாற்றத்தில் எவற்றைப் பழக்குவது?

இரண்டு போதும். நெஞ்சிலிருந்து தள்ளும் செஸ்ட் பாஸ், நிலத்தில் குத்திப் போகும் பவுன்ஸ் பாஸ். செஸ்ட் பாஸில் ஒரு எட்டு முன்வைத்து, இரு கையையும் நீட்டி, முடிவில் பெருவிரல்கள் கீழே பார்க்க வேண்டும். பவுன்ஸ் பாஸ் இருவருக்கும் நடுவில் அல்ல, தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கில், பிடிப்பவருக்குக் கிட்ட, குத்த வேண்டும். நடுவில் குத்தினால் பிடிப்பவரின் கழுத்துக்கு வரும். அவருடைய காலடியில் குத்தினால் முழங்காலுக்கு.

பிள்ளைகளை 2 மீற்றருக்கு மேல் தள்ளி நிறுத்த வேண்டாம். பிடிப்பவர் முதலில் இரு கையையும் நெஞ்சுக்கு முன் விரித்துக் காட்டட்டும். கை காட்டாதவருக்குப் பந்து கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் மூக்கில் அடிபடுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு கையால் எய்யப் பழக்க வேண்டுமா?

அவசரம் இல்லை. சிறுகைக்குப் பந்து பெரிது, இரு கையாலும் தள்ளட்டும். மூன்றை மட்டும் கவனியுங்கள்: முழங்கால் மடிந்து எழும்புகிறதா, பந்து முகத்துக்கு முன்னாலிருந்து புறப்படுகிறதா, கை விட்டபின்னும் வளையத்தை நோக்கி நீண்டிருக்கிறதா. கிட்ட நின்று, ஒரு மீற்றரிலிருந்து. தூரம் தானாக வரும்.

லே-அப், அதாவது ஓடிவந்து எழும்பிப் பந்தை வளையத்தில் இடுவது?

தரம் 5இல், நடந்துகொண்டு. வலக்கைப் பிள்ளை வலது, இடது என்று எட்டு வைத்து இடது காலில் எழும்ப வேண்டும். இரண்டு ரயரை நிலத்தில் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைக்கச் சொன்னால் விளக்கமே தேவையில்லை.

மறிக்கும் ஆட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளுகிறார்கள்.

இங்கேதான் கிளித்தட்டு. தட்டில் மறிப்பவன் என்ன செய்கிறான்? கோட்டை விட்டு விலகாமல், எதிரே வருபவனைப் பார்த்தபடி, தாழ்ந்து, கையை விரித்து, பக்கவாட்டில் நகர்கிறான். காலைக் குறுக்கே போட்டால் திரும்பமுடியாமல் மாட்டுவான், அது அவனுக்கே தெரியும். கூடைப்பந்தில் மறிப்பவருக்கு நாம் சொல்ல வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. உள்ளே புகுபவனோ, ஒரு பக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் வெட்டுகிறான். இந்த ஏமாற்றுக்கு எந்தப் பயிற்சிக் கையேடும் தேவையில்லை, நம் பிள்ளைகள் அதைத் தெருவிலேயே பழகி வருகிறார்கள்.

கிளித்தட்டு ஆடி முடிந்ததும் அதே கோடுகளில், புகுபவரின் கையில் பந்தைக் கொடுத்துவிடுங்கள். தொட்டால் அவுட் என்பதை, தொட்டால் பவுல் என்று மாற்றுங்கள். மறிப்பவர் நெஞ்சால் வழியை அடைக்கலாம், கை எட்டிப் பிடிக்கக் கூடாது. தள்ளுமுள்ளு பாதி குறையும். மீதிக்கு விசில் இருக்கிறது.

விதிகளை எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பது?

தரம் 3இல் இரண்டு விதி: பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது, ஆளைத் தொடக்கூடாது. ஒரு எட்டுக் கூடுதலாக வைத்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். தரம் 4இல், தட்டிப் பிடித்தபின் திரும்பத் தட்டக்கூடாது என்பதைச் சேருங்கள். பந்தோடு எத்தனை எட்டு வைத்தார் என்று எண்ணுவதைத் தரம் 5க்கு வையுங்கள். ஐவர் ஆட்டத்துக்கும் அவசரம் வேண்டாம். மூவருக்கு மூவர் ஆடினால் ஒளிந்து நிற்க இடமில்லை, எல்லோருக்கும் பந்து வரும்.

வெயிலில் என்ன செய்வது? மாரியில் என்ன செய்வது?

முதலாம் தவணை வழமையாக இல்ல விளையாட்டுப் போட்டியோடு போய்விடும். இரண்டாம் தவணைதான் கூடைப்பந்துக்கு வாய்ப்பு, ஆனால் அதுவே கச்சான் காற்று வீசும் காலம். மேற்கிலிருந்து வரும் அந்த வரண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். பிள்ளை எவ்வளவு நீர் இழந்தது என்று உங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. உடற்கல்வியை முதல் இரண்டு பாடவேளைக்குள் போடும்படி நேரசூசி எழுதுபவரிடம் மன்றாடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று சொல்லும் பிள்ளையை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, உடனே வீட்டுக்கு அறிவியுங்கள். மயங்கினால், பேச்சுத் தடுமாறினால் வைத்தியசாலைதான். சப்பாத்து இல்லாத பிள்ளையைச் சுடும் சீமெந்தில் இறக்க வேண்டாம்.

மாரியில் வகுப்பறைக்குள் கதிரைகளை ஒதுக்கிவிட்டு ஊன்றுகால், பந்தை இடுப்பைச் சுற்றி, காலுக்கிடையில் 8 வடிவில் மாற்றுவது, சுவரில் சோக்கால் வட்டம் போட்டுப் பாஸ் அடிப்பது. பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஏற்றதா? முக்காடு அணிந்து ஆடலாமா?

ஏற்றதுதான். இந்த வயதில் ஆணும் பெண்ணும் கலந்தே ஆடலாம்; பாடசாலையின் வழக்கம் வேறு என்றால் தனித்தனியாக ஆடட்டும், ஆனால் பந்தும் நேரமும் சமமாகப் பிரியட்டும். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பெற்றோர் முக்காடு பற்றிக் கேட்பதுண்டு. 2017 ஒக்டோபரிலிருந்து சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமே தலையை மூடும் ஆடையை அனுமதித்துள்ளது. பாடசாலை மட்டத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஊசி குத்தாத, இழுபட்டால் கழன்றுவிடும், முகத்தை மறைக்காத துணியாக இருந்தால் சரி.

மகனுக்கு அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. இந்த நேரத்தில் பந்தாட்டம் தேவையா?

தேவை. வாரத்தில் ஒன்றிரண்டு பாடவேளையைப் பறித்து மாதிரி வினாத்தாள் கொடுப்பதால் புள்ளி ஏறும் என்று நான் நம்பவில்லை. காலை முழுக்க வாங்கில் இருந்த பிள்ளை, பகலில் ரியூசன், பின்னேரம் இன்னொரு ரியூசன். அது எப்போது ஓடும்? தரம் 5இல் உடற்கல்விப் பாடவேளையை ஆசிரியர் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெற்றோரும் அதைக் கேட்டு நெருக்கக் கூடாது.

கூடைப்பந்து ஆடினால் உயரமாக வளர்வார்களா?

இல்லை. உயரத்தைத் தீர்மானிப்பது பரம்பரை, சாப்பாடு, நித்திரை. உயரமானவர்கள் இந்த ஆட்டத்துக்குத் தெரிவாவதால் அப்படித் தோன்றுகிறது. கட்டையான பிள்ளையை ஒதுக்கவும் வேண்டாம். பந்தைத் தாழ்த்தித் தட்டுவதில் அவனை வெல்வது கடினம்.

விரலில் பந்து பட்டு வீங்கினால்?

இழுத்துவிடக் கூடாது. எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ், கையை உயர்த்திப் பிடித்தல், பக்கத்து விரலோடு சேர்த்து மெல்லக் கட்டுதல். விரல் கோணியிருந்தாலோ மடக்க முடியாவிட்டாலோ கட்டுப்போடாமல் வைத்தியசாலைக்கு. நகம் வெட்டியிருக்கிறதா என்று பாடத்துக்கு முன் பார்த்தாலே பாதிக் கீறல் இருக்காது.

மட்டக்களப்பில் கூடைப்பந்து எப்படி வேரூன்றியது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசுசபைத் துறவிகளை முதலில் சொல்லுங்கள். லூசியானாவிலிருந்து வந்த அருட்தந்தை யூஜின் ஹேபியர் அங்கே பல தலைமுறைக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி வரும் வழியில் காணாமற்போனார், திரும்பவில்லை. நகரின் வெபர் மைதானமும் ஒரு இயேசுசபைத் துறவியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தரம் 5 பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம், எவ்வளவு சொல்வது என்பது உங்கள் தீர்மானம்.

தவணை முடிவில் எப்படி மதிப்பிடுவது?

எத்தனை பந்து வளையத்தில் விழுந்தது என்று எண்ண வேண்டாம். அது உயரமான பிள்ளைக்கும் வீட்டில் அண்ணன் இருக்கும் பிள்ளைக்கும்தான் சாதகம். ஓடிவந்து பந்தைப் பிடித்துத் தடுமாறாமல் நிற்கிறதா, நிமிர்ந்து பார்த்துத் தட்டுகிறதா, கை காட்டிய கூட்டாளிக்குக் கொடுக்கிறதா, இந்த மூன்றையும் ஆட்டத்தின் நடுவிலேயே பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பிள்ளைகளை மட்டும் கவனித்துக் குறித்தால் ஒரு மாதத்துக்குள் வகுப்பு முடியும். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பரீட்சை வைத்தால் மற்ற முப்பத்தொன்பது பேரும் திரும்ப வரிசையில்தான் நிற்பார்கள்.